ஷாப்ஸின் இடது கால் மட்டும் திருகிக்கொள்கிறது: வெட்டியதில் தவறா, தைத்ததில் தவறா?

மெழுகுநூல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பெல்ட், பணப்பை, குதிரைக்கான ஒரு தலைவார் என்று நான்கு ஆண்டுகளாகக் கையால் தோல் வேலை செய்துவருகிறேன். இந்த முறை துணிந்து ஒரு ஜோடி ஷாட்கன் ஷாப்ஸில் இறங்கினேன். ஜீன்ஸுக்கு மேல், இடுப்பிலிருந்து பூட்ஸ் வரை குழாய்போல் காலைச் சுற்றி வரும், அமெரிக்க கௌபாய்கள் அணியும் தோல் கால்காப்பு அது. இரண்டு மாத மாலைநேரம் முழுவதும் இதிலேயே போனது.

எண்ணெய் ஏற்றிய குரோம் பதனீட்டு மாட்டுத்தோல், 1.8 மி.மீ. தடிமன். முதுகெலும்பு வழியே இரண்டாகப் பிளந்த தோலில் ஒரு பாதிதான் வாங்கியிருந்தேன். அதன் கழுத்துப் பக்கம் முள்கம்பி கீறிய நீளமான தழும்பு. அதைத் தவிர்ப்பதற்காக இடது காலின் மாதிரி அட்டையைக் குறுக்காகத் திருப்பி வைத்து வெட்டினேன். கால்களின் வெளிப்பக்கம் முழு நீள ஜிப். அதை மட்டும் இயந்திரத்தில் தைத்தேன். மற்றதெல்லாம் ஒரே நூலில் இரண்டு ஊசி கோத்துப் போட்ட கைத்தையல்.

மூன்று முறைதான் குதிரையேறியிருக்கிறேன். இடது காலின் ஜிப் முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாக வளைந்து, அலை அலையாக நெளிந்து நிற்கிறது. வலது கால் அப்படியே இருக்கிறது. நின்றால் இரண்டு கால்களின் நீளமும் சரியாக இருக்கிறது. சேணத்தில் உட்கார்ந்தால் இரண்டுமே மேலே ஏறி, பூட்ஸ் பாதி வெளியே தெரிகிறது.

எனக்கு முழுத் திருப்தி தந்தது முன்பக்கம்தான். இரட்டைத் தோல் வைத்துத் தைத்த ஓர் அங்குல வார், பித்தளைப் பக்கிள். எவ்வளவு இழுத்தாலும் அசையாது.

இடது காலைச் சரிசெய்ய வழி இருக்கிறதா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பழைய சேணக்காரர்:

தம்பி, காலைப் பற்றிப் பிறகு பேசுவோம். முழுத் திருப்தி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த முன்வாரை இன்றைக்கே கழற்றுங்கள். அதைக் கழற்றாமல் மறுபடி குதிரையேறாதீர்கள்.

மேற்கத்தியச் சேணத்தின் முன்னால் கொம்பு நிற்கிறது. சுருக்குக்கயிற்றைச் சுற்றிக்கொள்ள அது வேண்டும். குதிரை துள்ளும்போதும், தாழ்ந்த கிளைக்கு நீங்கள் குனியும்போதும் உடல் முன்னே சாய்ந்து, ஷாப்ஸின் முன்பக்கம் அந்தக் கொம்பின் தலையில் மாட்டிக்கொள்ளலாம். மாட்டிவிட்டால் உங்கள் இடுப்பைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டியதற்குச் சமம். அதனால்தான் ஷாப்ஸின் முன்பக்கத்தை மெல்லிய தோல்நாடாவால் மட்டும் கட்டும் வழக்கம் வந்தது. கொம்பில் மாட்டினால் அந்த நாடா அறுந்தாக வேண்டும். பக்கிளைப் பின்பக்கம் கொண்டுபோங்கள். முன்னால் 3 மி.மீ. அகலத்தில் ஒற்றை நாடா போதும். லாட்டிகோ தோலில் வெட்டாதீர்கள். சேண வார்களுக்கான அந்தத் தோல் லேசில் அறாது.

ஓர் இளைஞர் ஒருமுறை அறுந்த நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். ஒரே மாதத்தில் அறுந்துவிட்டது, நல்ல வலுவானதாகப் போட்டுக் கொடுங்கள் என்றார். எப்படி அறுந்தது என்று கேட்டேன். கன்றைத் துரத்தும்போது குதிரை சட்டென்று நின்றிருக்கிறது, முன்பக்கம் கொம்பில் மாட்டியிருக்கிறது, இவர் பக்கவாட்டில் விழுந்து தோளில் சிராய்ப்போடு எழுந்திருக்கிறார். அதே தோலிலிருந்து அதே அகலத்தில் இன்னொரு நாடா வெட்டிக் கொடுத்தேன். காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இனி இடது கால். மாதிரி அட்டையைத் திருப்பினீர்களே, அங்கேயே அது கெட்டுவிட்டது. மாட்டுத்தோலில் முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது. வயிற்றுப் பக்கம் போகப் போக நார்கள் தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு வரும். முதுகுக்கோட்டின் நீளவாக்கில் தோல் குறைவாகவே நீளும், குறுக்கே அதிகமாக நீளும். மிச்சத் துண்டு இருந்தால் விரல் அகலத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நீளவாக்கில் ஒரு பட்டை, குறுக்கே ஒரு பட்டை வெட்டி, ஒரே பலத்தோடு இழுத்துப் பாருங்கள். உங்கள் வலது கால் முதல் பட்டை, இடது கால் இரண்டாவது பட்டை. ஜிப்பின் துணிநாடா நீளாது. அதன் பக்கத்தில் தோல் மட்டும் நீண்டால், நீண்ட தோல் எங்கே போகும்? நெளிந்துதான் நிற்கும்.

நான் ஒரே மாட்டின் இரண்டு பாதிகளையும் வாங்குவேன். வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு மற்றொன்று. மேலிருந்து கீழ் முதுகுக்கோட்டுக்கு இணையாக இருக்கும்படி அட்டையை வைத்து, மறுகாலுக்கு அதையே கவிழ்த்து வைத்து வெட்டுவேன். தோல் அதிகம் செலவாகும், ஆனால் இரண்டு கால்களும் ஒன்றுபோலப் பழகும். தழும்புக்காக அட்டையை ஒருபோதும் திருப்பாதீர்கள். நன்றாக ஆறிய முள்கம்பித் தழும்பு மேய்ச்சலில் வளர்ந்த மாட்டின் அடையாளம். நான் அதை மறைப்பதே இல்லை.

நீளம் குறைந்ததற்குக் காரணம், நின்று அளவெடுத்தது. பூட்ஸ் போட்டு, உட்கார்ந்து, முழங்காலை மடக்கி அளவெடுங்கள். உட்கார்ந்தால் தொடையின் சுற்றளவும் கூடும். நிற்கும்போது கணுக்காலில் கொஞ்சம் மடிந்து கிடந்தால்தான் அது சரியான நீளம்.

இந்த ஜோடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஜிப்பைப் பிரித்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே வெட்டி, சிங்க்ஸ் எனப்படும் குட்டை ஷாப்ஸ் ஆக்கிவிடுங்கள். தொடைப் பகுதி அகலமாக இடுப்புப்பட்டையில் தொங்குவதால் அங்கே திருகல் அவ்வளவாக இருக்காது. தொடைக்குப் பின்னால் இரண்டு வார்கள் வைத்தால் போதும்.

குத்தூசி:

வெட்டிய திசைதான் முதல் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தையலை முழுவதுமாக விட்டுவிட முடியாது. தோலை மேலிருந்து அழுத்தும் பாதமும் சேர்ந்து நகரும் தையல் இயந்திரம் இல்லையென்றால் மேலே இருக்கும் தோலும் கீழே இருக்கும் ஜிப் நாடாவும் ஒரே வேகத்தில் போவதில்லை. அதிலும் ஏற்கெனவே இழுபடும் தோல் என்றால் தைக்கும்போதே நீண்டுவிடும். ஜிப்பிலும் தோலிலும் ஒரு சாணுக்கு ஓர் அடையாளம் போட்டு, இருபக்க ஒட்டுநாடாவால் முதலில் ஒட்டிவிட்டுத் தையுங்கள். அடையாளங்கள் விலகத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தலாம்.

இடுப்புப்பட்டைக்கு என்ன தோல் போட்டீர்கள்? பூவேலை செதுக்கும் எண்ணம் இருந்தால் தாவரப் பதனீட்டுத் தோல்தான் வேண்டும். ஈரப்படுத்தி அச்சு தட்டினால் அந்தத் தோல் பள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குரோம் தோல் பழையபடி எழும்பிவிடும். அதில் முலாம் பூசிய இரும்பு ரிவெட் மட்டும் வேண்டாம். முலாம் தேய்ந்து வியர்வை பட்டால், தாவரப் பதனீட்டில் தோலில் ஏறிய டானின் என்ற பொருளோடு இரும்பு சேர்ந்து கருநீலக் கறை பரவும். எத்தனை முறை துடைத்தாலும் அது போகாது. பித்தளை அல்லது செம்பு போடுங்கள்.

மெழுகுநூல்:

ஐயா, முன்வாரைக் கழற்றிவிட்டேன். ஆறு மணி நேரம் உட்கார்ந்து தைத்தது என்பதால் நூலை அறுக்கும்போது வலித்தது. ஆனால் அந்த இளைஞரின் கதையைப் படித்த பிறகு அதை விட்டுவைக்க மனம் இடம் தரவில்லை. பக்கிள் இப்போது பின்பக்கம்.

பட்டைகளையும் வெட்டிப் பார்த்தேன். இரண்டும் 20 செ.மீ. நீளவாக்குப் பட்டை 4 மி.மீ. நீண்டது, குறுக்குப் பட்டை 17 மி.மீ. நீண்டது. கையை விட்ட பிறகும் குறுக்குப் பட்டை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. நான்கு ஆண்டுகளாகத் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், இதை ஒருமுறைகூட இழுத்துப் பார்த்ததில்லை.

சிங்க்ஸ் ஆக்குவதென்று முடிவு செய்துவிட்டேன். அடிவிளிம்பில் குஞ்சம் எவ்வளவு அகலத்தில் வெட்டலாம்?

பழைய சேணக்காரர்:

நல்ல முடிவு. சிங்க்ஸ் குறைப்பட்ட ஷாப்ஸ் என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியாவின் வக்கேரோக்கள், அதாவது குதிரைமேல் மாடு மேய்த்தவர்கள், கட்டிய ஆர்மிட்டாஸ் என்ற தோல் கால்காப்பிலிருந்து வந்தது அது. வெயிலில் நாள் முழுக்கக் குதிரைமேல் இருப்பவர்களுக்குக் காற்றோட்டம் தரும். இறங்கி நடந்து வேலை பார்க்கவும் காலைத் தடுக்காது.

குஞ்சம் 6 மி.மீ. அகலம் இருக்கட்டும். ஒன்று கவனியுங்கள். இடது காலின் தோலிலேயே குஞ்சம் வெட்டினால் ஒவ்வொரு இழையும் குறுக்குவாக்கில் தொங்கும், நாளடைவில் வலது பக்கத்தைவிட நீளமாகிவிடும். ஆகவே வலது காலிலிருந்து வெட்டி எடுக்கும் கீழ்த்துண்டை வீணாக்காதீர்கள். அதிலிருந்து இரண்டு கால்களுக்கும் நீளவாக்கில் தனிக் குஞ்சப்பட்டை எடுத்து அடிவிளிம்பில் தைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் மேல் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு கோடு போட்டு, இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகக் கத்தியை இழுங்கள். வெளியிலிருந்து கோட்டை நோக்கி இழுத்தால் ஏதாவது ஓர் இடத்தில் கத்தி கோட்டைத் தாண்டிவிடும். பத்து இழைக்கு ஒருமுறை கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொள்ளுங்கள்.

தைக்கும் முன் பட்டையைக் கவ்விகளால் பிடித்துக்கொண்டு ஒருமுறை சேணத்தில் ஏறி உட்காருங்கள். சிங்க்ஸின் அடிவிளிம்பு முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இறங்கியிருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு நூலைக் கோத்தால் போதும். முடித்ததும் இங்கே படம் போடுங்கள் தம்பி, முன்பக்க நாடா தெரியும்படி எடுங்கள்.