ஒலியளவுக் குமிழ் பெருக்கத்துக்கு முன்னா, பின்னா?

முகில்_சால்டர்: பிரீஆம்பும் (அடுத்த பெருக்கிக்கு ஒலியைத் தயார்செய்யும் முன்பெருக்கி) ஹெட்ஃபோன் ஆம்பும் ஒரே பெட்டியில் அடங்குமாறு மேசைக்கு ஒன்று கட்டுகிறேன். மின்வழங்கல் ±12 வோல்ட். பெருக்கும் நிலைக்கு என்ஈ5532 என்னும் ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு). அதன்பின் ஒரு பஃபர் (அளவைக் கூட்டாமல் ஹெட்ஃபோனுக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தரும் நிலை). மூலம், 2 வோல்ட் தரும் டிஏசி (டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றும் கருவி). 10 கிலோஓம் ஒலியளவுக் குமிழை (திருப்பினால் மாறும் மின்தடை) பெருக்கும் நிலைக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்று தெரிந்தால் பலகையை வரைந்துவிடுவேன்.

செம்புக்கம்பி: பின்னால்தான். 2011இல் வெளியான ஓ2 ஹெட்ஃபோன் ஆம்பில் பெருக்கும் நிலைக்கும் பஃபருக்கும் நடுவேதான் குமிழ் இருக்கிறது. ஒலியைக் குறைக்கும்போது பெருக்கும் நிலையின் இரைச்சலும் சேர்ந்தே குறைகிறது. காதுக்குள் பொருத்தும் நுண்ணுணர்வு மிக்க இயர்ஃபோன்களில் பின்னணி அமைதியாக இருப்பதற்கு இதுவே காரணம். குமிழை முன்னால் வைத்தால், ஒலியை முழுவதும் குறைத்த பிறகும் அந்த இரைச்சல் அப்படியே காதுக்கு வரும்.

ஓம்_விதி: நண்பர் செம்புக்கம்பி சொல்லாமல் விட்ட விலை ஒன்று இருக்கிறது. குமிழ் பின்னால் இருந்தால், மூலத்தின் முழு அளவையும் பெருக்கும் நிலை எப்போதும் தாங்கியாக வேண்டும். எடுத்துக்காட்டாக, 2 வோல்ட்டை 6.5 மடங்கு பெருக்கினால் பயனுறு அளவில் (ஆர்எம்எஸ்) 13 வோல்ட், அதாவது அலையின் உச்சத்தில் 18 வோல்ட்டுக்கும் மேல். ±12 வோல்ட்டில் அது நடக்காது. அலையின் தலை வெட்டுப்படும், குமிழை எவ்வளவு குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பாது. கேட்பவரோ மெல்லிய ஒலியிலும் கரகரக்கிறதே என்று ஹெட்ஃபோன்மேல் பழி போடுவார். இரைச்சலையும் கணக்கிட்டுப் பார்த்தேன். குமிழை முன்னால் வைத்து 2.5 மடங்கு பெருக்கினால், குமிழின் வெப்ப இரைச்சலும் என்ஈ5532இன் இரைச்சலும் சேர்ந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை மிஞ்சிப்போனால் 3 மைக்ரோவோல்ட். 1 வோல்ட்டுக்கு 120 டெசிபெல் தரும் இயர்ஃபோனில்கூட அது ஏறத்தாழ 10 டெசிபெல்தான். சாதாரண அறையின் அமைதியே அதைவிடச் சத்தமானது.

செம்புக்கம்பி: 6.5 மடங்கு என்பது தவறான பெருக்கம். அதற்குக் குமிழின் இடத்தைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. 2 வோல்ட் மூலத்துக்கு 1 மடங்கும் 2.5 மடங்கும் மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் போதும், 2.5 மடங்கில் உச்சம் 7 வோல்ட்டைச் சற்றே தாண்டும், ±12 வோல்ட்டுக்குள் தாராளமாக அடங்கும். தேவைக்கு மேல் பெருக்குவதில் இன்னொரு தீங்கும் உண்டு. குமிழை எப்போதும் தொடக்கப் பகுதியிலேயே வைத்துக் கேட்க நேரிடும். லாக் குமிழின் (மடக்கை முறையில் மின்தடை மாறும் குமிழ்) இடது, வலது காதுகளுக்கான இரு தடங்களும் அங்கேதான் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் ஒரு காதுப் பக்கம் ஒதுங்கிவிடும்.

அலைவரிசை: அந்தத் தடச் சிக்கலுக்குப் பீட்டர் பாக்ஸாண்டால் என்ற ஒலிப் பொறியாளரின் சுற்று நல்ல விடை. குமிழ் பின்னூட்டப் பாதையில் (வெளியீட்டின் ஒரு பகுதி உள்ளீட்டுக்குத் திரும்பும் வழி) அமர்வதால், குறைப்பதும் பெருக்குவதும் ஒரே நிலையில் நடக்கின்றன. குமிழும் லீனியர் வகை (திருப்பும் அளவுக்கேற்ப மின்தடை சீராக மாறுவது). பெருக்கத்தைத் தீர்மானிப்பது குமிழ்முனை (தடத்தின்மேல் நகரும் தொடுமுனை) நிற்கும் இடமே என்பதால், இரு தடங்களின் மொத்த மின்தடை வேறுபட்டாலும் சமநிலை கெடாது. அலை தலைகீழாவதைத் திருப்ப இன்னொரு தலைகீழாக்கும் நிலை வேண்டும். அந்தச் செலவு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

முகில்_சால்டர்: முதல் கட்டுமானத்துக்கு அது கூடுதல் சிக்கல். 1 மற்றும் 2.5 மடங்கு சுவிட்சோடு, குமிழைப் பின்னால் வைக்கிறேன்.

ஓம்_விதி: பிரீஆம்பில் நாளை வேறொரு மூலம், 4 வோல்ட் தருவது, வந்து செருகப்படலாம், 2.5 மடங்கில் உச்சம் 14 வோல்ட். ஆகவே என் கருத்து மாறவில்லை. நீங்கள் பின்னால் வைப்பதானால், குமிழ்முனைக்கும் பஃபருக்கும் இடையில் ஒரு மின்தேக்கியும், பஃபரின் உள்ளீட்டிலிருந்து தரைக்கு ஒரு மின்தடையும் அவசியம். பஃபரின் உள்ளீட்டு மின்னோட்டம் குமிழ்முனை வழியே ஓடினால், திருப்பும்போதெல்லாம் கரகரப்பு கேட்கும். பிரீஆம்ப் வெளியீட்டில் 100 ஓம் தொடர்மின்தடை போடுங்கள், நீண்ட கேபிளின் மின்தேக்கத்தால் ஆப்-ஆம்ப் அலைவுறாமல் அது காக்கும். அதே மின்தடையை ஹெட்ஃபோன் பாதையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். 32 ஓம் ஹெட்ஃபோனின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது தரும் தடை) அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும் இடங்களிலெல்லாம் ஒலியின் அளவும் மாறிவிடும்.