புதுப்பிப்பு: தரையோடு ஒட்டிக்கொண்ட மெம்ஸ் நுண்விட்டங்கள் விடுபட்டன

மெம்ஸ் (சில்லில் உருவாக்கும் நுண்ணிய இயந்திர அமைப்பு) ஒன்றில், விட்டங்களுக்கு அடியிலுள்ள ஆக்சைடு அடுக்கை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் அரித்து, நீரில் கழுவி உலர்த்தியதும், 2 மைக்ரான் தடிமனுள்ள என் பாலிசிலிக்கான் விட்டங்கள் (மெல்லிய உத்திரம் போன்ற பட்டைகள்) அடித்தளத்தோடு ஒட்டிக்கொள்கின்றன என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவிச் சூடான தட்டில் உலர்த்திப் பார்த்தேன். அதன் பரப்பு இழுவிசை நீரினுடையதில் மூன்றில் ஒரு பங்களவே என்பதால் குட்டையான விட்டங்கள் தப்பின. நீளமானவை ஒட்டியே கிடந்தன. சிக்கலைத் தீர்த்தது, உங்களில் ஒருவர் சொன்ன மாறுநிலைப் புள்ளி உலர்த்தல்தான். சில்லைச் சூழ்ந்த திரவ கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரி செல்சியசுக்கும் ஏறத்தாழ 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுசென்று வாயுவாக வெளியேற்றும்போது, திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே எல்லைப்பரப்பே உருவாவதில்லை. ஆகவே விட்டத்தைக் கீழே இழுக்கும் நுண்புழை விசைக்கும் (குறுகிய இடைவெளியில் திரவப் பரப்பு தரும் இழுவைக்கும்) இடமில்லை.

எதிர்பாராதது ஒன்று: முதல் முறை இதிலும் சில விட்டங்கள் ஒட்டின. உயர வேறுபாட்டை ஒளி வரிகளாகக் காட்டும் குறுக்கீட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவற்றின் அடிப்பகுதியில் நெருக்கமாக ஓடிய வரிகள் நுனிப்பக்கம் திடீரென நின்றிருந்தன. அந்த இடம்தான் தரையைத் தொட்டிருந்தது. காரணம் உலர்த்தி அன்று, மிச்சமிருந்த நீர். நீர் திரவ கார்பன் டை ஆக்சைடில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால், அதை முழுதும் அகற்ற, புதிய சில்லுகளை இருமுறைக்குப் பதிலாக ஐந்து முறை புது மெத்தனாலில் ஊறவைத்தேன். இடையில் எங்கும் அவற்றைக் காற்றில் உலர விடவில்லை. அதன்பின் எல்லா விட்டங்களும் விடுபட்டே நிற்கின்றன.