சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் முகக்கவசம் இல்லாமல் இருமுகிறவர்களிடம் என்ன சொல்வது, சொல்லலாமா?

யீஷூன்_வாசி:

வணக்கம். வீட்டில் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் இருக்கிறார். நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. பரிசோதனைக்கு யீஷூனிலிருந்து நொவீனா வரை ரயிலில்தான் போகவேண்டும், ஒவ்வொரு தடவையும் டாக்சி கட்டுப்படியாகாது. ரயிலில் பெரும்பாலோர் முகம் திறந்தபடிதான் வருகிறார்கள். பக்கத்தில் யாராவது இருமிவிட்டால் அவருக்குப் பயம், கோபம் இரண்டும் வந்துவிடுகிறது. "அக்கறை கெட்ட ஜனம்" என்று சத்தமாகவே சொல்லிவிடுகிறார்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது? அப்படி வருகிறவரிடம் அணியச் சொல்ல நமக்கு உரிமை உண்டா? மற்றவர்கள் அணியாதபோது இவர் ஒருவர் மட்டும் அணிவதில் பலன் இருக்கிறதா? எந்த வகை முகக்கவசம் வாங்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வடகிழக்குப்பாதை:

சட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2020 ஏப்ரல் 14 முதல் வீட்டை விட்டு வெளியே வந்தாலே முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. முதல் தடவை மீறினால் 300 வெள்ளி, அடுத்த தடவை 1,000 வெள்ளி அபராதம். அப்புறம் படிப்படியாகத் தளர்த்தினார்கள். 2022 மார்ச் 29 முதல் வெளிப்புறங்களில் கட்டாயமில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 29 முதல் உட்புறங்களிலும் கட்டாயமில்லை என்றானது, ஆனால் ரயில், பேருந்து, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு மட்டும் விதி நீடித்தது. 2023 பிப்ரவரி 13ல் ரயில், பேருந்துக்கும் நீக்கிவிட்டார்கள். ஆகவே இன்று எம்ஆர்டியில் முகம் திறந்து வருவது குற்றமில்லை. நிலைய ஊழியரிடம் புகார் செய்தாலும் அவர் அணியச் சொல்லிக் கட்டாயப்படுத்த விதி எதுவும் இல்லை.

சுகாதார அமைச்சு அறிவுறுத்துவது வேறு, சட்டம் வேறு. 2023 டிசம்பர் 3 முதல் 9 வரையிலான ஒரே வாரத்தில் 56,043 பேருக்குக் கொவிட் தொற்று என்று அமைச்சு மதிப்பிட்டது. 2024 மே 5 முதல் 11 வரையிலான வாரத்தில் 25,900. இரண்டு அலையின்போதும், கூட்டமான இடங்களில், முக்கியமாக உட்புறங்களில், முகக்கவசம் அணியும்படி ஊக்குவித்தார்கள். கட்டாயம் ஆக்கவில்லை.

பெரியவரின் கோபத்துக்குக் காரணம் இந்த மாற்றம்தான் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய மூன்று ஆண்டு, ரயிலில் திறந்த முகம் என்றால் குற்றம் என்றே கண் பழகிவிட்டது. 2021ல் ரயிலில் அணியாமல் பயணம் செய்த ஒருவருக்கு ஆறு வாரச் சிறையே கிடைத்தது (பொதுத்தொல்லை, காவலரிடம் மிரட்டலாகப் பேசியது ஆகியவையும் சேர்ந்து). அன்றைக்கு முறைத்துப் பார்த்ததற்குச் சட்டம் துணை நின்றது. இன்று அந்தத் துணை இல்லை.

இன்னொன்று. இருமுகிறவரைக் கைப்பேசியில் படம் எடுத்து "பாருங்கள் இந்த ஆளை" என்று போடுவதை யாரும் செய்யவேண்டாம். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாளத்தை வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

---

மூச்சியல்:

"இவர் ஒருவர் மட்டும் அணிவதில் பலன் இருக்கிறதா" என்ற கேள்விதான் இங்கே முக்கியம். இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ல் பொம்மைத் தலைகளை வைத்து ஒரு சோதனை செய்தது. ஒன்று துகள்களை வெளியே விடும், மற்றொன்று மூச்சை இழுக்கும். சாதாரண மூன்றடுக்கு அறுவை முகக்கவசத்தை முடிச்சுப் போட்டு இறுக்கி மாட்டினார்கள். துகள் விடுகிற தலை மட்டும் அணிந்திருந்தபோது மற்றதற்குப் போய்ச்சேர்ந்த துகள் 62.9 விழுக்காடு குறைந்தது. இழுக்கிற தலை மட்டும் அணிந்தபோது 64.5 விழுக்காடு. இரண்டும் அணிந்தபோது 95.9. முகக்கவசம் நம் முகத்தில் இறுக்கமாக இருந்தால், எதிரில் இருப்பவர் அணிந்தால் கிடைக்கும் அளவு பலனை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருள். சோதனைக்கூடக் கணக்கு என்பதால் ரயிலில் அப்படியே வராது. ஆனாலும் முன்பின் தெரியாதவரின் முகத்தை மாற்றப் பாடுபடுவதைவிட, பெரியவர் முகத்தில் இருப்பதைச் சரியாகப் பொருத்துவதற்கு அந்த நேரத்தைச் செலவிடலாம்.

முடிச்சுப் போடும் முறை இது. முகக்கவசத்தை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். இரு பக்கமும் காதுப்பட்டை துணியோடு சேரும் இடத்தை ஒட்டியே ஒரு முடிச்சுப் போடுங்கள். விரித்தால் ஓரங்களில் துணி உப்பி நிற்கும், அதை உள்பக்கமாக மடித்துச் செருகுங்கள். நிறமுள்ள பக்கம் வெளியே, மடிப்புகள் கீழ்நோக்கி. மூக்குக் கம்பியை ஒற்றைக் கையால் கிள்ளக்கூடாது, கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து இருபுறமும் இடைவெளி விழும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நான் சொல்வது என்95. துளைத்துப் போவதற்கு மிகவும் வாய்ப்புள்ள 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலேயே குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும். தலையைச் சுற்றி இரண்டு பட்டை இருக்கும்: மேல்பட்டை உச்சந்தலைப் பக்கம், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் பிடரியிலேயே போட்டுவிட்டால் மூக்குப் பக்கம் தூக்கிக்கொள்ளும். போட்டதும் இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டு ஊதச் சொல்லுங்கள். ஓரத்தில் காற்று கண்ணில் படுகிறதென்றால் சரியாகப் பொருந்தவில்லை. மூச்சை இழுக்கும்போது முகக்கவசம் லேசாக உள்வாங்கவேண்டும். முன்னால் வால்வு வைத்ததை வாங்காதீர்கள். அணிபவரைக் காக்கும், ஆனால் அவர் விடும் மூச்சு வடிகட்டாமல் அடுத்தவர் மேல் போகும்.

2021 ஆகஸ்ட்டில் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு 25 என்95 கொடுத்ததில் மிச்சம் அலமாரியில் இருக்கலாம். பட்டையை இழுத்து விட்டுப் பாருங்கள். தொய்ந்து போயிருந்தாலோ உள்பக்க நுரைப்பட்டை பொடியாக உதிர்ந்தாலோ குப்பையில் போடுங்கள். வடிகட்டும் துணி நன்றாக இருந்தாலும் பட்டை பிடிக்காவிட்டால் பயனில்லை.

இதய, நுரையீரல் கோளாறும் இருந்தால் என்95 மாட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

புக்கிட்பாத்தோக்_அக்கா:

"அக்கறை கெட்ட ஜனம்" என்ற பேச்சைப் பெரியவர் விடவேண்டும். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தீர்ப்பு முதலில் தப்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

இருமல் எல்லாம் தொற்று இல்லை. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், லிசினோப்ரில் மாதிரி மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். ஆஸ்துமா, நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் இருமுவார்கள். சளிக்காய்ச்சல் போன பிறகும் மூன்றிலிருந்து எட்டு வாரம் இருமல் இழுத்துக்கொண்டு போவது உண்டு, அதற்குள் தொற்றும் கட்டம் பெரும்பாலும் முடிந்திருக்கும். இன்னொரு பக்கம், கொவிட் அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். ஆக, இருமாமல் அமைதியாக உட்கார்ந்திருப்பவரிடமிருந்தும் வரலாம். யார் ஆபத்து என்று பார்வையால் பிரிக்க முடியாது.

அணிய முடியாதவர்களும் இருக்கிறார்கள். தீவிர நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு முகத்தில் துணி படுவதே தாங்காது. முக நரம்பு வலி உள்ளவருக்குக் கன்னத்தில் பட்டை உரசினால் மின்சாரம் பாய்ந்தது போல வலிக்கும். காது கேளாதவரோடு வருபவர், அவர் உதட்டைப் படிப்பதற்காகக் கழற்றியிருப்பார். கட்டாயம் இருந்த காலத்திலேயே, மூச்சுக் கோளாறு உள்ளவர்களும் 12 வயது வரையிலான பிள்ளைகளில் அணியச் சிரமப்படுபவர்களும் முகக்கவசத்துக்குப் பதிலாக முகத்துக்கு முன் தொங்கும் பிளாஸ்டிக் முகத்தடுப்பு அணியலாம் என்று 2020ல் விலக்கு கொடுத்தார்கள்.

நம் ஆட்கள் மறக்கக்கூடாத ஒன்று: 2021 மே மாதம் சுவா சூ காங்கில் 55 வயது இந்தியப் பெண்மணி வேகநடை போய்க்கொண்டிருந்தார், முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கியிருந்தார். கடினமான உடற்பயிற்சியின்போது இறக்கிக்கொள்ள அப்போதைய விதியே இடம் கொடுத்தது. "மாஸ்க்கைத் தூக்கு" என்று ஆரம்பித்தது, இனத்தை இழிவுபடுத்தும் வசவாகி, நெஞ்சில் உதையில் முடிந்தது. தாக்கியவர் 2023ல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி அவருக்கு மூன்று வாரச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முகக்கவசத்தைச் சாக்காக வைத்துத் தெரியாதவரை அதட்டுவது எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பெரியவருக்காகச் செய்யக்கூடியது: நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியே தெரியாத உடல்நிலை உள்ளவர்களுக்காக "எனக்கு இருக்கை தரமுடியுமா" என்று கேட்கும் கழுத்துப்பட்டை கொண்டுவந்திருக்கிறது. யீஷூன் நிலையத்தின் பயணிகள் சேவை நிலையத்தில் விசாரியுங்கள். ஓர இருக்கை கிடைத்தால் ஒரு பக்கமாவது ஆள் இருக்கமாட்டார்கள்.

---

தேக்கா_தம்பி:

அக்கா சொன்னதில் பாதிக்குத்தான் உடன்படுகிறேன். அணிய முடியாதவர்கள் இருக்கிறார்கள், சரி. ஆனால் காய்ச்சலும் சளியுமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாயை மூடாமல் கூட்டத்துக்கு நடுவே தும்முகிற ஆளை "பாவம், என்ன கஷ்டமோ" என்று விட்டுவிட்டுப் போக முடியாது. முகக்கவசம் கிடைக்காத ஊர் இல்லை இது. நிலையத்துக்குக் கீழே இருக்கும் எந்தக் கடையிலும் விற்கிறார்கள். உடம்பு சரியில்லாதபோது மூடிக்கொள்வது இங்கே சார்ஸ் காலத்திலிருந்தே பழகிய மரியாதை. திறந்த முகத்தைக் குறை சொல்லவேண்டாம், திறந்த தும்மலைச் சொல்லலாம் என்பது என் கட்சி.

சொல்லும் விதம்தான் முக்கியம். தனித்தனி உறையில் வரும் முகக்கவசம் இரண்டு பையில் வைத்திருங்கள். "ஏன் போடவில்லை" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் பதில் தயாரிக்கத் தொடங்கிவிடுவார், சண்டை உறுதி. உறையை நீட்டி, "அங்கிள், மாஸ்க் வேணுமா? எங்க அப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி" என்று தாழ்ந்த குரலில், ஒரே தடவை. நம்மவர் இல்லை என்றால் அவருக்குப் புரியும் மொழியில். வேண்டாம் என்று தலையசைத்தால் அத்தோடு விட்டு, அடுத்த நிலையத்தில் பெட்டி மாறுங்கள். பெரியவர் வாயைத் திறக்கக்கூடாது, நீங்கள் கேளுங்கள். மது அருந்தியவர், ஏற்கெனவே கைப்பேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

கூட்டத்தைத் தவிர்ப்பது எல்லாவற்றையும்விட எளிது. வார நாளில் காலை 7.45க்குள் பயண அட்டையைத் தட்டி நிலையத்துக்குள் நுழைந்தால் 50 காசு வரை கழிவு உண்டு, ஆனால் காலைக் கூட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிடும், கழிவுக்காக அந்த நேரத்தில் போகவேண்டாம். பரிசோதனையை முற்பகல் 10.30 மணிக்கு மேல் கேட்டு வாங்குங்கள். மின்படி இறங்கும் இடத்துக்கு நேரே நிற்கும் பெட்டிதான் எப்போதும் நிறையும். வடக்கு-தெற்குப் பாதை ரயிலுக்கு ஆறு பெட்டி, முதலாவதோ கடைசியோ ஏறுங்கள். பீஷானில் வட்டப்பாதை ரயிலிலிருந்து மாறி வரும் கூட்டம் ஏறும்போது கதவை ஒட்டி நிற்காமல் உள்ளே தள்ளி இருங்கள்.

பேருந்து என்றால் வருகை நேரம் காட்டும் செயலியில் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் இருக்கை உண்டு, மஞ்சள் என்றால் நிற்க இடம் உண்டு, சிவப்பு என்றால் நெரிசல், அடுத்ததற்குக் காத்திருங்கள். படி ஏற முடிந்தால் மாடிப் பேருந்தின் மேல்தளம் நல்லது. அங்கே நின்று பயணம் செய்ய அனுமதி இல்லை, ஆகவே தலைக்கு மேல் யாரும் இருமமாட்டார்கள்.

---

யீஷூன்_வாசி:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, கழுத்துப்பட்டைக்கு இந்த வாரமே போகிறேன். மூச்சியல் அவர்களுக்கு இரண்டு சந்தேகம். பெரியவர் தாடி வைத்திருக்கிறார், எடுக்கச் சம்மதிப்பது கடினம். கண்ணாடியும் போடுவார், முகக்கவசம் மாட்டினால் பனி படிகிறது என்று நிலையம் போவதற்குள் மூக்குக்குக் கீழே இறக்கிவிடுகிறார்.

---

மூச்சியல்:

தாடி என்95க்கு எதிரி. ஓரம் தோலில் ஒட்டவேண்டும், முடிமேல் ஒட்டாது. சில நாள் வளர்ந்த குறுமுடியே காற்றுக்கு வழிவிடும். முழுக்க எடுக்கவேண்டாம், முகக்கவச விளிம்பு படும் தாடை ஓரத்தையும் கன்னத்தையும் மட்டும் மழித்தால் போதும். உள்ளே அடங்கும் மீசையும் சிறு குறுந்தாடியும் இருக்கலாம். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால், அறுவை முகக்கவசத்துக்கு மேலே நன்றாக இழுத்துப் பிடிக்கும் துணி முகக்கவசம் ஒன்றை அணியட்டும். என்95 அளவுக்கு வராது, ஆனால் தொளதொளவென்று தொங்கும் ஒற்றை முகக்கவசத்தைவிட மேல். என்95க்கு அடியிலோ மேலேயோ வேறொன்றைப் போடவேண்டாம், ஓரம் தூக்கிவிடும்.

கண்ணாடியில் பனி படிந்தால் மூக்குக் கம்பிப் பக்கம் கசிகிறது என்று அடையாளம். கம்பியை மறுபடி அழுத்துங்கள், கண்ணாடியின் மூக்குத்தாங்கியை முகக்கவசத்தின் மேல்விளிம்பின்மீது உட்கார வையுங்கள். அப்படியும் படிந்தால் அந்த வகை முகக்கவசம் அவர் மூக்குக்குப் பொருந்தவில்லை, வேறு அளவு வாங்குங்கள். மூக்குத்தண்டு தாழ்ந்தவர்களுக்குப் படகு வடிவில் மடியும் வகை நன்றாக உட்காரும்.

அவர் இறக்கிவிடுவதற்கு இன்னொரு காரணம் வியர்வையாக இருக்கும். புளோக்கிலிருந்து நிலையத்துக்கு வெயிலில் நடக்கும்போது அணியவே தேவையில்லை, திறந்த வெளியில் ஆபத்து மிகவும் குறைவு. நிலையத்தில் மின்தூக்கிக்கு முன் நின்று, முகத்தைத் துடைத்து, அங்கே மாட்டுங்கள். ஈரமான முகத்தில் மாட்டினால் வழுக்கும், ஈரமான அறுவை முகக்கவசம் மூச்சையும் அடைக்கும். மாற்று ஒன்று சிறிய பையில் இருக்கட்டும். நொவீனாவில் இறங்கியதும் கழற்றிவிடாதீர்கள். மருத்துவமனைக்குள் நோயாளிகளைப் பார்க்கும் பகுதிகளில் 2023க்குப் பிறகும் முகக்கவசம் தொடர்ந்தது, வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டு நுழையுங்கள். தண்ணீர் குடிக்கக் கழற்றுவதென்றால் காத்திருக்கும் கூடத்தில் வேண்டாம், ஆள் இல்லாத நடைபாதைப் பக்கம் போய்க் குடிக்கட்டும். கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடாமல் பட்டையைப் பிடித்துக் கழற்றி, காகித உறையில் போட்டு வைத்தால் திரும்பும் பயணத்துக்கும் அதே என்95 ஆகும்.