1/32 ஃபாண்டம்: வால் பக்கம் வெள்ளி பூசின பொம்மை மாதிரி இருக்கு, எங்கே தப்பு?

அரைகுறைப்பெட்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூணு மாசமா என் மேசையில எஃப்-4ஜே ஃபாண்டம்ங்கற கடற்படைப் போர் விமானத்தோட பிளாஸ்டிக் மாடல் ஒண்ணு கிடக்கு. 1/32, அதாவது நிஜத்தோட நீளத்துல முப்பத்திரண்டுல ஒரு பங்கு. இதுக்கு முன்னாடி நான் கட்டினது பூரா 1/72. அதுல ஃபாண்டம் மாதிரி பெரிய விமானமே ஒரு சாண் சொச்சம்தான் வரும். இது மூக்கிலிருந்து வால் வரை 55 செ.மீ., இறக்கை 36 செ.மீ.க்கு மேல. பெரிசா இருந்தா வேலை சுலபம்னு நெனச்சேன். அங்கேதான் ஏமாந்தேன். பரப்பு அஞ்சு மடங்கு, அதனால தப்பும் அஞ்சு மடங்கு தெரியுது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது புதுப் பெட்டி இல்லை. ஒருத்தர் பாதி ஒட்டிட்டு வெறுத்துப்போய் எடுத்து வெச்சது எங்கிட்ட வந்தது. ஏன் வெறுத்தார்னு இப்பத்தான் புரியுது.

மூணு கேள்வி:

ஏர் இன்டேக் குழாய் (எஞ்சினுக்குக் காத்து போற வழி) ரெண்டும் பாதி பாதியா வர்ற துண்டுகள். முன்னவர் ஒட்டின இடத்துல உள்ளே நீளவாக்குல ஒரு பள்ளம் ஓடுது. போதாக்குறைக்கு அச்சுலேருந்து துண்டைத் தள்ளி எடுக்கற இஜெக்டர் முள் குத்தின வட்டத் தடம் நாலு. டார்ச் அடிச்சுப் பார்த்தா சாக்கடைக் குழாய் தோத்துச்சு. உள்ளே கை நுழையலை.

ரெண்டாவது, தலைப்புல இருக்கறது. எஞ்சின் நாசிலுக்கு (சூடான வாயு வெளியேறற வாய்) பின்னால, வாலுக்கு அடியில பெயின்ட் இல்லாத வெறும் உலோகம் இருக்குமே, அந்த இடம். ரெண்டு தடவை சில்வர் அடிச்சேன், ரெண்டு தடவையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சு எடுத்துட்டேன். முதல் தடவை பொம்மை. ரெண்டாவது தடவை அதுக்கு மேல நீலம், ஊதா, மஞ்சள் எல்லாம் அடிச்சேன். பொம்மைக்கு அடி பட்ட மாதிரி ஆச்சு.

மூணாவது, பேனல் கோடு (தகடும் தகடும் சேர்ற கோடு) எல்லாத்தையும் கறுப்பு வாஷ் (தண்ணியா கரைச்ச சாயம்) போட்டு எடுத்துக் காட்டணுமா? வீடியோவுல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

உப்புத்தாள் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். உலோகம் பற்றிச் சொல்ல இங்கே என்னைவிடத் தெரிந்தவர் இருக்கிறார், எப்படியும் வருவார்.

பட்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இன்டேக்கை உடம்போடு ஒட்டாமல் டேப்பால் பொருத்தி, ஸ்ப்ளிட்டர் தகட்டையும் வைத்து, கண்ணாடி அலமாரியில் எந்த உயரத்தில் வைப்பீர்களோ அந்த உயரத்திலிருந்து பாருங்கள். ஃபாண்டத்தின் இன்டேக் வாய் அகலமாகத் தெரிந்தாலும் முன்னால் நிற்கும் அந்தத் தகடு பாதியை மறைத்துவிடும். குழாய் வேறு உள்நோக்கி வளைகிறது. என்னுடையதில் கண்ணுக்கு எட்டியது முன்பக்கம் மூன்றில் ஒரு பங்குதான். அதற்குப் பின்னால் இருந்த பள்ளத்தை நான்கு நாள் தேய்த்தேன். இன்று வரை அதைப் பார்த்த ஒரே ஆள் நான்தான், அதுவும் ஒட்டுவதற்கு முன்பு.

தெரிகிற பகுதிக்கு: மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்கிற திரவப் பட்டியைப் பழைய தூரிகையால் பள்ளத்திலும் முள் தடத்திலும் மூன்று நான்கு முறை தொட்டுத் தொட்டு நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் காய விடுங்கள், அது காயும்போது சுருங்கும். சூப்பர் க்ளூ அங்கே வேண்டாம். நேரம் ஆக ஆக அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும், கை எட்டாத இடத்தில் பிறகு தேய்க்கவே முடியாது. பென்சில் தடிமனில் ஒரு குச்சி எடுத்து, முனையில் ஸ்பாஞ்ச் சுற்றி, அதன்மேல் 400 நம்பர் உப்புத்தாள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அப்புறம் 600.

அதன் பிறகு ஸ்ப்ரே வேண்டாம், ஊற்றுங்கள். குழாயின் பின்வாயை டேப்பால் அடைத்து, வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டைத் தளர்வாகக் கரைத்து உள்ளே விட்டு, மெதுவாக உருட்டி எல்லாப் பக்கமும் ஓடவிட்டு, மீதியைத் திருப்பிக் கொட்டிவிடுங்கள். வாய் கீழே இருக்கும்படி ஒரு துணிமேல் நிறுத்தி வையுங்கள். விளிம்பில் சொட்டு கட்டிக்கொண்டே இருக்கும், அரை மணிக்கு ஒருமுறை ஒற்றி எடுக்க வேண்டும். ஒருநாள் காயட்டும். இரண்டு மூன்று முறை ஊற்றினால் சின்னப் பள்ளங்களைப் பெயின்ட்டே மூடிவிடும். முதல் முறை நான் ஒற்றி எடுக்க மறந்து தூங்கிவிட்டேன். காலையில் விளிம்பில் பல் முளைத்திருந்தது.

இதெல்லாம் முடியவில்லையா, சிவப்பு உறை செய்து இன்டேக் வாயில் சொருகிவிடுங்கள். நிஜ விமானமே நிற்கும்போது அப்படித்தான் நிற்கிறது. யாரும் உங்களைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன், ஆனால் மனசுக்குள்.

ஹாங்கர்_கிழவன் எழுதியது:

வந்துட்டேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் ஃபாண்டத்துல வேலை பார்த்தவன் இல்லை. பார்த்தது வேற ஜெட், ஒத்தை எஞ்சின். தகரமும் எண்ணெயும் எங்கேயும் ஒண்ணுதான். ஃபாண்டத்தை ஒரு அருங்காட்சியகத்துல கிட்ட நின்னு பார்த்திருக்கேன். கூட வந்தவங்க முன்பக்கம் நின்னு படம் எடுத்தாங்க, நான் ஒரு மணி நேரம் வாலுக்கு அடியில குந்தியிருந்தேன். காவலாளி ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனார்.

உங்க தப்பு சாயத்துல இல்லை தம்பி. அந்த இடத்தை நீங்க ஒரே பொருளா நினைச்சதுதான் தப்பு. அது பல தகடுகள் சேர்ந்தது. எஞ்சின் வெப்பம் நேரா அடிக்கற இடத்துல டைட்டேனியம், பக்கத்துல வேற உலோகம், ஒவ்வொண்ணுக்கும் வேற பழுப்பு. சிலது மாத்தின புதுத் தகடு, சிலது பல வருஷம் வெந்தது. தூரத்துல இருந்து பார்த்தா மொத்தமும் மங்கின சாம்பல்தான், ஆனா ஒரு தகடுக்கும் அடுத்த தகடுக்கும் நடுவுல ஒரு மாத்து வித்தியாசம் தெரியும். ஒரே சில்வரை ஒரே மூச்சுல அடிச்சா பொம்மை ஆகாம என்ன ஆகும்?

அல்கிளாட்ங்கற உலோகச் சாயம் வெச்சிருந்தா இப்படிப் பண்ணுங்க. குரோம், பாலிஷ் அலுமினியம் மாதிரி பளபளக்கறதுக்குத்தான் பளபளப்பான கறுப்பு அடிப்பூச்சு வேணும். ஸ்டீல், ஜெட் எக்ஸாஸ்ட் எல்லாம் சாதாரண சாம்பல் பிரைமர் மேலயே நிக்கும். பிரைமர் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கணும், கீறல் இருந்தா உலோகச் சாயம் அதை ஊருக்கே சொல்லும். ஏர்பிரஷ் காத்தழுத்தம் 12-லிருந்து 15 பிஎஸ்ஐ, தாண்ட வேண்டாம். மொத்த இடத்துக்கும் முதல்ல ஸ்டீல். நல்லா காஞ்சதும் ஒட்டு குறைஞ்ச டேப்பால ஒவ்வொரு தகடா மறைச்சு, ஒண்ணுக்கு ஜெட் எக்ஸாஸ்ட் ரெண்டு வீச்சு, இன்னொண்ணுக்கு டைட்டேனியம், இன்னொண்ணை அப்படியே விடுங்க. வேலை முழுக்க டேப்லதான். நான் ரெண்டு சாயங்காலம் டேப் ஒட்டினேன், சாயம் அடிச்சது மொத்தம் பத்து நிமிஷம்.

இப்ப நீலம், ஊதா. சூடு பட்ட டைட்டேனியத்துல நிறம் வர்றது மேலே படியற ஆக்சைடு படலத்தால. சூடு கம்மியா பட்ட இடத்துல வைக்கோல் மஞ்சள், ஏற ஏற ஊதா, அதுக்கும் மேல நீலம். அப்படின்னா நாசிலுக்குக் கிட்ட நீலம், தள்ளிப்போகப் போக மஞ்சள். நீங்க எந்த வரிசையில அடிச்சீங்கன்னு தெரியலை, பல பேர் தலைகீழா அடிக்கறாங்க. அதைவிட முக்கியம், ஃபாண்டத்துல இது மோட்டார் சைக்கிள் சைலன்சர் மாதிரி வானவில்லா தெரியாது. டாமியா எக்ஸ்-19 ஸ்மோக்கை (ஊடுருவித் தெரியற புகை நிறச் சாயம்) நல்லா தண்ணியாக்கி விளிம்புகள்ல ஓட்டுங்க. எக்ஸ்-26 ஆரஞ்சை அதுல ஒரு துளி. எக்ஸ்-23 நீலம் ஒரு இடத்துல, ஒரே ஒரு வீச்சு. "அடிச்சோமா இல்லையா"ன்னு சந்தேகம் வந்தா நிறுத்திடுங்க.

வால் இறக்கை ரெண்டும் கீழ்நோக்கிச் சரிஞ்சிருக்கும், 23 டிகிரி. அதோட உள்பாதியும் வெறும் உலோகம்தான், மறந்துடாதீங்க. ஜே மாடலுக்கு அதோட முன்விளிம்புல தனியா ஒரு பிளவுத் துண்டு உண்டு. முன்னவர் எதை ஒட்டி வெச்சிருக்கார்னு பாருங்க. நாசிலும் அப்படித்தான். பி மாடலுக்குக் குட்டை, ஜேக்கு நீளம். பெட்டியில ரெண்டும் இருந்தா நீளமானது உங்களுது.

பேனல் கோடு. இங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

கணக்கு போடுங்க. உங்க மாடல்ல கோட்டோட அகலம் 0.3 மி.மீ.ன்னு வெச்சுக்குவோம். முப்பத்திரண்டால பெருக்கினா கிட்டத்தட்ட 1 செ.மீ. ஒரு பென்சில் உள்ளே போயிடும்! அவ்வளவு இடைவெளி விட்டுத் தகடு பொருத்தினா என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பாங்க. கோடு ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கு, அதுல கறுப்பு வேற ஊத்தினா விமானம் இல்லை, தரையில பதிச்ச ஓடு.

நிஜத்துல எது கறுப்பா தெரியும்? அசையற பாகங்களோட இடைவெளி. ஃபிளாப், எய்லரான், ரட்டர், சக்கரக் கதவு, அங்கே உண்மையிலேயே சந்து இருக்கு, நிழல் விழும். அதுக்கு அடர் சாம்பல் போடலாம். அடுத்தது, தினம் திறந்து மூடற மூடிகள். ஸ்க்ரூவைச் சுத்திப் பெயின்ட் போயிருக்கும், கை அழுக்கு இருக்கும். ரிவெட் அடிச்சு மூடின மேல்தகடுகள் சேர்ற இடம் கிட்டப் போனாத்தான் தெரியும். அதுக்கு மேல்பக்கச் சாம்பலைவிட அரை மாத்து கூடின சாம்பல் போதும். அடிவயிறு வெள்ளைங்கறதால அங்கே இன்னும் வெளிர்.

அழுக்குக்கும் திசை உண்டு. பறக்கும்போது ஒழுகினது பின்னால கோடு இழுக்கும். நிக்கும்போது ஒழுகினது நேரா கீழே சொட்டும். ரெண்டும் ஒரே கசிவுல இருந்து வரலாம், அப்ப ரெண்டு கோடும் ஒரே புள்ளியில ஆரம்பிக்கும். கப்பல்ல இருக்கற விமானம்னா உப்புக்காத்து அரிச்ச இடத்தை அப்பப்ப தொட்டுத் தொட்டுப் பூசுவாங்க, சாம்பல்லயே ரெண்டு மூணு சாம்பல் திட்டுத் திட்டா இருக்கும். பேனல் கோட்டுல செலவழிக்கற நேரத்தை இந்தத் திட்டுல செலவழிங்க.

அப்புறம், ஃபாண்டத்தோட ஜே79 எஞ்சின் புகை கக்கறதுக்குப் பேர் போனது, அதனால வாலைக் கரியாக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க. கேக்காதீங்க. புகை பின்னால போயிடும், விமானத்துல உட்காராது.

உப்புத்தாள் எழுதியது:

அண்ணே, கணக்கு சரிதான், ஆனால் முழுவதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாடலை நாம் மூன்று அடி தூரத்திலிருந்து, அறை விளக்கில் பார்க்கிறோம். நிஜ விமானத்துக்கு வெயில் நிழல் போட்டுக்கொடுக்கிறது, இதற்கு யார் போடுவார்? கொஞ்சம் மிகைப்படுத்தாவிட்டால் 55 செ.மீ. சாம்பல் கட்டை மாதிரி இருக்கும்.

ஹாங்கர்_கிழவன் எழுதியது:

கொஞ்சம்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு நான் சரி. உங்க போன மாடல்ல அது கொஞ்சமா இல்லை.

தண்ணி_டீக்கால் எழுதியது:

குறுக்கே வர்றேன். ஜேல ஸ்டென்சில் டீக்கால், அதாவது தண்ணியில நனைச்சு ஒட்டற குட்டி எழுத்து ஸ்டிக்கர், ஏகப்பட்டது. சாம்பல் பெயின்ட் மேட்டா, அதாவது பளபளப்பு இல்லாம இருந்தா நேரா ஒட்டிடாதீங்க, அடியில காத்து நின்னு வெள்ளி வெள்ளியா தெரியும். முதல்ல பளபளப்பு வார்னிஷ், அப்புறம் டீக்கால், கடைசியா மேட். டீக்காலைப் படிய வைக்கற திரவம் ரெண்டு இருக்கு: மைக்ரோ செட் அடியில, மைக்ரோ சோல் மேல. சோல் போட்டதும் டீக்கால் சுருங்கிச் சுருங்கி அழுத மூஞ்சி மாதிரி ஆகும், பயந்து தொட்டீங்கன்னா கிழியும். எழுந்து வேற அறைக்குப் போயிடுங்க. ஃபிளாப், எய்லரான், ரட்டர் மேல்பக்கமும் வெள்ளைங்கறதை டீக்காலுக்கு முன்னாடி முடிச்சுக்கோங்க. நான் மறந்து, ஒட்டினதுக்கு மேல டேப் போட்டு, டேப்போட டீக்காலும் வந்துச்சு.

அரைகுறைப்பெட்டி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன்.

இன்டேக்: உப்புத்தாள் அண்ணன் சொன்ன மாதிரி டேப் போட்டுப் பார்த்தேன். நாலு முள் தடத்துல மூணு கண்ணுக்கே தெரியலை. ஒண்ணை மட்டும் நிரப்பி, மூணு தடவை ஊத்தியாச்சு. எனக்கும் ஒரு பல் முளைச்சுது, பிளேடால சீவிட்டேன்.

வால்: நான் அடிச்சது தலைகீழ்தான். மஞ்சள் நாசில் ஓரம், நீலம் தள்ளி. இப்போ புதுசா ஸ்டீல்ல ஆரம்பிச்சு, டேப் போட்டு பதினோரு தகடு தனித்தனியா அடிச்சேன். ஸ்மோக் போட்டேன். நீலத்தை எடுத்தேன், ஏர்பிரஷ்ல ஊத்தினேன், அடிக்காமலே கழுவி வெச்சுட்டேன். அதுவே போதும்னு தோணுச்சு. பிளவுத் துண்டு பெட்டியில பத்திரமா இருந்தது, முன்னவர் தொடவே இல்லை.

இப்போ புதுக் கவலை. ரெசின் சீட் ரெண்டு, ரெசின் நாசில் ரெண்டு வெச்சதுக்கு அப்புறம் எடை கூடிடுச்சு. முன்னவர் வாங்கி வெச்சிருந்த வெள்ளை உலோகச் சக்கரக் கால்ல நிறுத்தினா மெதுவா கால் அகட்டுது. அப்புறம், டயரைக் கொஞ்சம் நசுங்கின மாதிரி தேய்க்கணுமா?

ஹாங்கர்_கிழவன் எழுதியது:

வெள்ளை உலோகம் மெத்துன்னு இருக்கும், எடை தாங்காம நாளாக ஆக வளையும். பித்தளைக் கால் கிடைச்சா அதுக்கு மாத்துங்க. கிடைக்கலைன்னா பெட்டியோட வந்த பிளாஸ்டிக் காலையே துளைச்சு உள்ளே எஃகுக் கம்பி விட்டுக்கோங்க. ஒட்டறதுக்கு முன்னாடி முன்னால இருந்து பார்த்து ரெண்டு காலும் ஒரே கோணத்துல இருக்கான்னு பாருங்க, பசை காஞ்சா அவ்வளவுதான்.

டயர்: ஜெட் டயர்ல அழுத்தம் ரொம்ப அதிகம், அதுலயும் கப்பல்ல இறங்கறதுக்கு இன்னும் கூட. கார் டயர் மாதிரி பிதுங்காது. தரை படற இடத்தை உப்புத்தாள்ல நாலு இழுப்பு, சமமா நிக்கற அளவுக்கு. பக்கவாட்டுல உப்பிப்போன டயரைப் பார்த்தா எனக்கு உடனே காத்தடிக்கக் கை பரபரக்கும்.

நீலத்தைக் கழுவி வெச்சதுக்கு ஒரு சபாஷ். படம் எங்கே?

அரைகுறைப்பெட்டி எழுதியது:

படம் எடுக்கத்தான் தூக்கினேன் ஐயா. வால் கொக்கி தரையில விழுந்து எங்கேயோ துள்ளிடுச்சு. டார்ச்சை வெச்சுக்கிட்டு மேசைக்கு அடியில இருந்துதான் இதைத் தட்டிக்கிட்டு இருக்கேன்.