விடுதி மாடிகளுக்கு அவசர இறங்கு கருவி: விற்பனையாளர் சொல்வதை நம்பலாமா?

கேள்வி (விடுதி நடத்துபவர், கும்பகோணம்)

மகாமகக் குளத்துக்கு அருகே நான்கு மாடி விடுதி ஒன்றை, தந்தைக்குப் பின் நான் நடத்தி வருகிறேன். 2028 மகாமகத்துக்குள் கட்டடத்தைச் சீரமைக்க வேண்டும். இருப்பது ஒரே படிக்கட்டு, அதுவும் குறுகலானது. இன்னொரு படிக்கட்டு கட்டப் பக்கத்தில் இடமில்லை என்று பொறியாளர் சொல்லிவிட்டார். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்த்தும் பாராமல் இருக்க முடியவில்லை. வாரை மாட்டிக்கொண்டு கம்பிவடத்தில் மெதுவாக இறங்கும் கருவிகளை மேல்மாடிகளில் வைக்கலாம் என்றும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினாலே போதும் என்றும் விற்பனையாளர் ஒருவர் சொல்கிறார். சரிதானா?

பதில் (ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், தஞ்சாவூர்)

கைப்பிடிச் சுவரில் மாட்டவே கூடாது. அது பெரும்பாலும் அரைச் செங்கல் சுவர். ஆளின் எடை தொங்கும்போது பெயர்ந்து அவர் தலையிலேயே விழும். பொறியாளர் பார்த்துச் சொல்லும் கான்கிரீட் தூணிலோ உத்திரத்திலோ போல்ட் இறக்கித்தான் கொக்கியைப் பொருத்த வேண்டும்.

கருவிக்குள் மைய விலக்கு விசையால் இயங்கும் பிரேக் இருக்கிறது. ஆள் வேகமாக இறங்க முயன்றால் அது இறுகிப் பிடிக்கும். வடத்தின் இரு முனைகளிலும் வார் இருப்பதால், ஒருவர் இறங்கும்போது மற்றொரு வார் அடுத்தவருக்காக மேலே வரும். வாரை இரு அக்குள்களுக்கும் கீழே மார்போடு இறுக்கி, சுவரைப் பார்த்தபடி இறங்க வேண்டும். பயத்தில் கைகளைத் தலைக்கு மேலே தூக்கினால் வார் நழுவி ஆள் கீழே விழுந்துவிடுவார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குவதும் கூடாது. கருவியின் மீது எடை வரம்பு எழுதியிருக்கும்; மிகவும் எடை குறைந்தவருக்கு அது சரியாக இயங்காமல் பாதியில் நின்றுவிடலாம்.

இறங்கும் வழியில் கீழ்மாடி ஜன்னல் வரக்கூடாது. அந்த அறையில் தீ இருந்தால், நீங்களே அதன் வாயில் போய்த் தொங்குவீர்கள். மின்கம்பிகள், சன்ஷேடு, ஏசி வெளிப்பெட்டி ஆகியவற்றையும் பாருங்கள். ஜன்னலில் கிரில் இருந்தால் உள்ளிருந்து திறக்கும்படி மாற்றாமல் கருவி வாங்குவது வீண் செலவு.

பதில் (கோபுரத் திருப்பணிக்குச் சாரம் கட்டுபவர், நாகப்பட்டினம்)

மேலே உள்ளவர் சொன்னதோடு உப்புக்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் இரும்புக் கொக்கி இரண்டு மழைக்காலத்திலேயே துருவேறிவிடுகிறது. உங்கள் ஊரில் அவ்வளவு இல்லை என்றாலும், பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். வடத்தின் உறை கிழிந்திருந்தாலும் கம்பி இழை பிசிறியிருந்தாலும் அதை நம்பி ஆளை இறக்காதீர்கள். பிரேக்கில் எண்ணெய் விடவும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரையே சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். கொள்முதல் நிலையத்துக்குக் கட்டும் 40 கிலோ நெல் மூட்டை ஒன்றை முதலில் இறக்குங்கள், பிறகு இரண்டைச் சேர்த்து இறக்குங்கள். விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாது என்று கருவியில் எழுதியிருந்தால், 12 மீட்டர் இறங்க 8 விநாடிக்குக் குறையாமல் ஆக வேண்டும். அதற்கு முன்பே மூட்டை தரையைத் தொட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வடம் தரை வரை எட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி. எங்களிடம் தங்குபவர்களில் பெரும்பாலோர் நவக்கிரகத் தலங்களுக்கு வரும் முதியவர்கள். நள்ளிரவில், புகைக்கு நடுவே இதை அவர்கள் மாட்டிக்கொள்வார்களா?

பதில் (ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்)

மாட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒருமுறையாவது தாழ்வான இடத்தில் பழகிய இளைஞருக்கே அந்த நேரத்தில் கை நடுங்கும். எனவே இந்தக் கருவி உங்கள் பணியாளர்களுக்கும் திடமானவர்களுக்கும் உரிய கடைசி வழி. படிக்கட்டுக்கு மாற்று அன்று. முதியவர்களுக்குக் கீழ்த்தளத்திலும் முதல் மாடியிலும் அறை கொடுங்கள். ஒவ்வொரு மாடியிலும் புகை எச்சரிக்கைக் கருவி வையுங்கள், படிகளில் மெத்தையும் தண்ணீர்க் கேனும் அடுக்காதீர்கள். 101 அல்லது 112 எண்ணை முதலில் அழைப்பது யார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

பக்கத்தில் இடமில்லை என்று பொறியாளர் சொன்னது இருக்கட்டும், பின்புறம் எவ்வளவு இடம் இருக்கிறது?

கேட்டவர்

இன்று காலை அளந்தேன். கொல்லைப்புறத்தில் மதில் வரை ஏழடி இருக்கிறது. பழைய ஜெனரேட்டரும் உடைந்த கட்டில்களும் அதை அடைத்துக்கொண்டிருந்ததால் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவற்றை அகற்றச் சொல்லிவிட்டேன். வெளிப்புற இரும்புப் படிக்கட்டுக்கு வரைபடம் போட்டு, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை அலுவலகத்தில் காட்டப் போகிறேன். கருவிக்கான முன்பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.