பழைய வால்வு கிட்டார் ஆம்ப்: ஏற்காட்டுல நல்லா பாடுச்சு, சேலம் வந்ததும் பிளேட் செவக்குது

கொலுசுபட்டறை_கிட்டார்:
வணக்கம்ங்க எல்லாருக்கும். எனக்கு கிட்டார் சொல்லிக் குடுத்த சார் ஏற்காட்டுல ஒண்டிக்கடை தாண்டி எஸ்டேட் பக்கம் இருந்தாரு, போன வருஷம் தவறிட்டாரு, வீட்டம்மா அவரோட ஆம்ப்பை எனக்கே குடுத்துட்டாங்க. 1960கள்ல வந்த இங்கிலாந்து செட்டு, பேர் பலகை இல்ல. மூணே வால்வு (கண்ணாடிக் குழாய்), சிக்னலை முதல்ல ஏத்த ஈசிசி83, ஸ்பீக்கரை ஓட்ட ஈஎல்84, ஏசியை டிசி ஆக்குற ரெக்டிஃபையருக்கு ஈசெட்80. அவர் வீட்டுல லேசா ஹம் இருக்கும், ஆனா சவுண்டு அப்படி இருக்கும். போர்வைல சுத்தி மடியில வச்சே 20 ஹேர்பின்னும் இறங்கி செவ்வாப்பேட்டை கொண்டு வந்துட்டேன். இங்க போட்டா பத்து நிமிஷத்துல கொர்ர்னு ஹம் ஏறுது, சவுண்டு உடையுது, ஈஎல்84 உள்ள பிளேட் (வெளித் தகடு) செக்கச்செவேல்னு ஆகுது, உடனே நிறுத்திட்டேன். மைக்ல உதடு பட்டா சுரீர்னு ஷாக் வேற, வயர் ரெண்டு பின்னு தான். புது ஈஎல்84 வாங்கிப் போட்டா சரியாயிடுமா? பழைய பார்ட்ஸ் மாத்தினா அவரோட சவுண்டு போயிடுமோன்னு பயமா இருக்கு. இன்னும் கொஞ்சம் கிரஞ்ச் (லேசா உடையுற கரகர சவுண்டு) வர்ற மாதிரி மாடிஃபை பண்ணவும் ஆசை. வீட்டுல வெள்ளிப் பட்டறை, பத்த வைக்கிற (சால்டரிங்) வேலை சின்னதுல இருந்தே பழக்கம்.

வால்வு_ரேடியோ_அம்மாபேட்டை:
தம்பி, முதல்ல பிளக்கைப் புடுங்கி வை. புது வால்வு வாங்காத, அதையும் எரிச்சுடும். ஷாக்குக்குத் தான் முதல் வேலை, மூணு கோர் வயர் போட்டு எர்த்தை சேஸிஸ்ல (உள்ள இருக்குற உலோகச் சட்டம்) போல்ட்டு வச்சு இறுக்கு, வீட்டு சாக்கெட்ல எர்த் நிஜமாவே இருக்கான்னும் எலக்ட்ரீசியனை வச்சுப் பாத்துக்க. உள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி ஃபில்டர் கன்டென்சரை (டிசியை சீராக்குறது, ஆஃப் பண்ணாலும் சார்ஜ் நிக்கும்) டிஸ்சார்ஜ் பண்ணணும், 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை நல்லா இன்சுலேஷன் உள்ள கிளிப்ல மாட்டி சேஸிஸுக்குப் புடி, மீட்டர்ல 10 வோல்ட்டுக்கு கீழ வந்ததுக்கு அப்புறம் தான் தொடு. ஸ்க்ரூடிரைவர் வச்சு பட்டுனு ஷார்ட் அடிக்கிற வேலை வேணாம். கரண்ட் இருக்கறப்ப அளக்கணும்னா ஒரு கையைப் பாக்கெட்ல வச்சுக்க, பக்கத்துல ஒருத்தர் இருக்கட்டும்.

ஈஎல்84 பின் 2 கிரிட், அதாவது சிக்னல் உள்ள வர்ற இடம், அங்க டிசி ஜீரோ தான் இருக்கணும். ஜீரோ இல்லைன்னா ஆஃப் பண்ணி வால்வைக் கழட்டிட்டு திரும்ப ஒரே நிமிஷம் போட்டு அள. வால்வு இல்லாமலும் வோல்டேஜ் நின்னா ஈசிசி83ல இருந்து வர்ற கப்ளிங் கன்டென்சர் (சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்கறது) லீக், வால்வு இருந்தா மட்டும் வந்தா வால்வே கெட்டுடுச்சு. பின் 3 (கேத்தோடு, கரண்ட் கிளம்புற இடம்) வோல்டேஜ், அதுல இருக்குற ரெசிஸ்டர் எவ்வளவு, வால்வைச் சூடாக்குற ஹீட்டரோட வோல்டேஜ், எல்லாம் எழுது. அப்புறம் ஒண்ணு, பின்னாடி வோல்டேஜ் செலக்டர் (வீட்டு வோல்டேஜுக்குத் தகுந்த மாதிரி மாத்தி வைக்கிறது) எதுல இருக்கு?

கொலுசுபட்டறை_கிட்டார்:
அண்ணே நேத்து ராத்திரி அப்பா பக்கத்துல இருந்து டார்ச் அடிக்க பாத்துட்டேன். பின் 2ல 5 வோல்ட், வால்வைக் கழட்டினாலும் கிட்டத்தட்ட அதே தான். பின் 3ல 11.2, ரெசிஸ்டர் 150 ஓம், பிளேட்ல 270, ஹீட்டர் 7.2. செலக்டர் 210ல இருக்கு. சாரோட வீட்டம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன், அவங்க வீடு லைன் கடைசி, சாயங்காலம் ஆனா டியூப் லைட்டே எரியாதாம், அதனால சார் தான் மாத்தி வச்சிருக்காரு. இங்க சாக்கெட்ல 242 வருது.

ஹஸ்தம்பட்டி_டோன்:
அப்ப கணக்கு சரியா வந்துடுச்சு பாருங்க. 11.2ஐ 150ஆல வகுத்தா 75 மில்லிஆம்ப், ஈஎல்84க்கு கேத்தோடு கரண்ட் அதிகபட்சம் 65 தான். 270ல 11 கழிச்சு 75 மில்லிஆம்ப்பால பெருக்குங்க, 19 வாட் மேல, ஸ்கிரீனுக்குப் (வால்வுக்குள்ள இருக்குற இன்னொரு கிரிட்) போறதைக் கழிச்சாலும் 12 வாட் தாங்குற பிளேட்டுக்கு இது ரொம்ப அதிகம். ஆக தப்பு ரெண்டு, கன்டென்சர் லீக்கும் இருக்கு, செலக்டர் 210ல இருக்கறப்ப 242 வோல்ட்டும் ஏறுது. ஏற்காட்டுல வோல்டேஜ் கம்மியா இருந்ததால லீக் வெளிய தெரியல. செலக்டரை 240க்கு மாத்துங்க, கப்ளிங்குக்கு அதே வேல்யூவுல 630 வோல்ட் பாலியஸ்டர் போடுங்க.

சவுண்டு போயிடும்னு பயப்படாதீங்க. லீக் ஆன கன்டென்சர் எந்த டோனும் குடுக்கல, வால்வைத் தான் தின்னுச்சு. டோனுக்கு முக்கியம் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும், அதைத் தொடாதீங்க. கிரஞ்சுக்கு, ஈசிசி83 முதல் கேத்தோடுல 25 மைக்ரோ கன்டென்சர் இருந்தா 1 மைக்ரோ போட்டுப் பாருங்க, பேஸ் குறைஞ்சு சின்ன ஸ்பீக்கர் குழையாம முன்னாடி வரும். ஸ்பீக்கர்ல இருந்து திரும்பி வர்ற ஃபீட்பேக் வயர் இருந்தா அதுல சுவிட்ச் போட்டு கழட்டி மாட்டலாம், சீக்கிரம் உடையும். சேஸிஸ்ல புது ஓட்டை மட்டும் போடாதீங்க.

இதைப் படிச்சுட்டு வீட்டுப் பழைய வால்வு ரேடியோவை கிட்டார் ஆம்ப்பா மாத்தலாம்னு யாராவது கிளம்பினா ஒரு வார்த்தை: யூசிஎல்82, யூஎல்84ன்னு யூ-ல ஆரம்பிக்கிற வால்வு இருக்குற ஏசி டிசி செட்டுல மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது, சேஸிஸே லைன்ல இருக்கலாம். அதுல கிட்டாரை சொருகினா உயிர் போயிடும்.

வால்வு_ரேடியோ_அம்மாபேட்டை:
ஹஸ்தம்பட்டித் தம்பி சரியா சொல்லிட்டாரு. நான் ரெண்டு சேக்குறேன். ஹம்முக்கு ஃபில்டர் கன்டென்சரையும் மாத்திடு, 60 வருஷ எலக்ட்ரோலைட்டிக் காய்ஞ்சு போயிருக்கும், 47 மைக்ரோ 450 வோல்ட் இப்ப தாராளமா கிடைக்குது. ஆனா ஹம் நல்லா அடங்கட்டும்னு முதல் கன்டென்சரை 100ன்னு ஏத்திடாத, ஈசெட்80க்கு 50 மைக்ரோ தான் எல்லை, அதுக்கு மேல போனா ஆன் பண்றப்ப ரெக்டிஃபையர்ல பொறி பறக்கும். ரெண்டாவது, பட்டறைப் பழக்கத்துல வெண்காரம், ஆசிட் எதையும் இதுல கொண்டு வராத, உள்ள ரோசின் இருக்குற ஈயக் கம்பி மட்டும் தான். வேலை முடிஞ்சு முதல் தடவை 60 வாட் குண்டு பல்பு வச்ச சீரியஸ் போர்டுல (கரண்ட் பல்பு வழியா ஆம்ப்புக்குப் போறது) போடு, பல்பு பளீர்னு எரிஞ்சு மங்கணும், மங்காம நின்னா எங்கயோ ஷார்ட்.

கொலுசுபட்டறை_கிட்டார்:
முடிச்சுட்டேன் அண்ணே. பல்பு மங்குச்சு. நேரா போட்டா ஹீட்டர் 6.3, பின் 2ல ஜீரோ, பின் 3ல 7.5, அப்போ 50 மில்லிஆம்ப், பிளேட்ல 245. முக்கால் மணி நேரம் லைட்டை அணைச்சுட்டு பாத்துட்டே வாசிச்சேன், செவக்கல. ஷாக் சுத்தமா இல்ல. 1 மைக்ரோ போட்டது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா ஃபீட்பேக் வயரைத் தொடல, அது சார் வாசிச்ச மாதிரியே இருக்கட்டும். கழட்டின கன்டென்சர் எல்லாம் ஒரு கவர்ல போட்டு பெட்டிக்குள்ளயே ஒட்டி வச்சிருக்கேன். வால்யூமைக் குறைச்சாலும் மெல்லிசா ஒரு ஹம் மட்டும் நிக்குது, ஹீட்டர் வயர் ரெண்டும் முறுக்காம தனித்தனியா ஓடுது, அதுவா இருக்குமா?

வால்வு_ரேடியோ_அம்மாபேட்டை:
அதே தான். நல்லா முறுக்கி சேஸிஸ் மூலையை ஒட்டி ஓட்டு, கிரிட் வயர் பக்கம் வராம பாத்துக்க.