மறு: ட்ரோக்ளோபைட் – குகைவாழியா, அளைவாழியா?

அனைவருக்கும் வணக்கம்.
பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் நூலில் மொவிலே குகை பற்றிய பகுதியை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ருமேனியாவில், கருங்கடலோர மங்காலியாவுக்குப் பக்கத்தில், 1986இல் கட்டுமானத்துக்காக நிலத்தைச் சோதித்தபோது தட்டுப்பட்ட குகை. சுமார் 55 இலட்சம் ஆண்டுகள் வெளித்தொடர்பின்றி மூடிக் கிடந்தது. உள்ளே ஆக்சிஜன் வெளிக்காற்றில் இருப்பதில் பாதிகூட இல்லை. நீரில் ஹைட்ரஜன் சல்பைடு. அதைக் கொண்டே பிழைக்கும் பாக்டீரியாக்கள் நீரின்மேல் ஆடைபோல் படர்ந்திருக்கின்றன. அதுதான் அங்குள்ள உணவுக்கெல்லாம் முதல். அப்புறம் கண்ணில்லாத நீர்த்தேள், கண்ணில்லாத அட்டை! இப்படிக் குகைக்குள்ளேயே பிறந்து மடியும் 'ட்ரோக்ளோபைட்'டுக்குக் 'குகைவாழி' என்றும், ஒளியின்றி வேதிப்பொருளைக் கொண்டே உணவு ஆக்கும் 'கீமோசிந்தசிஸு'க்கு 'வேதிச்சேர்க்கை' என்றும் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.
– க.

க. அம்மா, வேதிச்சேர்க்கை சரி. ஒளிச்சேர்க்கை படித்த பிள்ளைக்குத் தானே விளங்கும். ஆனால் 'குகை' வடசொல். கையில் 'அளை' இருக்க அது எதற்கு? 'புலி சேர்ந்து போகிய கல்லளை' என்கிறாள் புறநானூற்றுப் புலவர் காவற்பெண்டு. நண்டின் பொந்தும் அளையே. கிரேக்கத்து 'ட்ரோக்ளே'யும் பொந்துதான், அச்சாகப் பொருந்துகிறது. நுழை, புழை, முழை மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் துணிபு. அதை விரித்துத் தனி மடலில் எழுதுகிறேன்.
– த.மு.

ஐயா, அளை என்றால் மோரும்தான். பிள்ளைகள் மோரில் பூச்சி என்று படிப்பார்கள்.
இன்னொன்று. அந்தப் புலி 'சேர்ந்து போகிய' புலி. ஆண்டாள் திருப்பாவையில் பாடும் முழைஞ்சுச் (குகை) சிங்கமும் உறங்கி எழுந்து புறப்பட்டுவிடுகிறது. குகை உயிரியலில் இவை ட்ரோக்ளோபைட் ஆகா. வெளியே வாழவே முடியாதது ட்ரோக்ளோபைட். இரண்டு இடத்திலும் வாழ்வது ட்ரோக்ளோபைல். வௌவால்போல வந்து தங்கிப் போவது ட்ரோக்ளோசீன். மூன்றுக்கும் சேர்த்தே பெயர் வையுங்கள்: குகைவாழி, குகைநாடி, குகைவிருந்து. 'சீனோஸ்' என்றால் விருந்தினர், புதியவர் இரண்டும்தான். நம் 'விருந்து'க்கும் பழம்பொருள் புதுமையே.
– ந.

குகைவிருந்து என்றால் குகையில் சாப்பாடு போடுகிறார்கள் என்று நினைப்பார்கள். 'குகைவாழி'யும் 'குகை வாழ்க' என்று வியங்கோளாக அல்லவா ஒலிக்கிறது?
– செ.

செ., அது வினைமுதற்பொருளில் வரும் இகர விகுதி. 'சேர்ந்தாரைக் கொல்லி'யில் இருப்பதுதான். பள்ளி இலக்கணம்.
– ந.

கம்பனில் 'பிலம் புக்கு நீங்கு படலம்' இருக்கிறதே, பிலம் என்றாலும் குகைதானே, 'பிலவாழி' ஆகாதா? அனுமனும் கூட்டாளிகளும் இருட்டில் தடவித் தடவிப் போகும் இடம் மொவிலேயேதான்!
– இரா.

பிலமும் வடசொல். படலத்தின் பெயரிலேயே 'நீங்கு' வேறு நிற்கிறது. ந.வின் கணக்கில் அனுமனும் விருந்துதான்.
– த.மு.

நன்றி. இதுவரை எழுதியவர்களில் த.மு. ஐயா தவிர மற்றவர்கள் குகைவாழியை ஏற்கிறீர்கள், அல்லது எதிர்க்கத் தெம்பில்லை. அதையே அனுப்புகிறேன். குகைவிருந்துக்குப் பதில் 'குகைத்தங்கி'.
– க.

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கலைச்சொல் பட்டியலில் 'அளைவாழி என்றும் கூறுவர்' என்றாவது சேருங்கள்.
– த.மு.

க. அம்மா, அனுப்பிவிட்டீர்களா? நிலத்தடி நீரில் மட்டும் வாழ்பவற்றுக்கு 'ஸ்டைகோபைட்' என்று தனிப்பெயர் உண்டு. நீங்கள் எடுத்துக்காட்டிய நீர்த்தேள் அந்த வகை. அதற்கும் ஒரு சொல் வேண்டும்.
– ந.